கௌதாரியின் குரலும் வேட்டைக்காரரின் காதும்



கல்லூரியில் ஒலியியல் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பங்குனி மாத விடியற்காலை நினைவுக்கு வரும். 1989ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அக்காலத்தில் கிழக்குத் தாம்பரத்தில் சேலையூரைத் தாண்டினால் வீடுகள் குறைந்துவிடும். மாடம்பாக்கம் போகும் வழியில் சரளைக்கல் மேடுகளும், காரை, சூரை, களா மண்டிய முட்புதர்களும், ஏரிக்கரைப் பனைமரங்களும்தாம் கண்ணில் படும்.

பால் வாங்கப் போன நான், ஒரு புதரின் மறைவில் நரிக்குறவர் பெரியவர் ஒருவர் குந்தியிருப்பதைக் கண்டேன். அவருக்குச் சற்றுத் தள்ளி, துணியால் பாதி மூடிய மூங்கிற் கூண்டு ஒன்று இருந்தது. கூண்டுக்குள் ஒரு பழகிய கௌதாரி. கூண்டைச் சுற்றித் தரையோடு தரையாகச் சுருக்குக் கண்ணிகள்.

“என்ன தாத்தா செய்யறீங்க?” என்று கேட்டேன்.

“ஓரமா குந்து சாமி, சத்தம் போடாதே” என்றார்.

கூண்டுப் பறவை கூவிற்று. சில நொடிகளில் தொலைவிலிருந்து மறுகுரல் வந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை நீட்டினார். “அந்தப் பனைக்கு இந்தாண்ட ஒண்ணு. ஏரிக்கரை மேல இன்னொண்ணு. கரை மேல இருக்கிறது வராது, அது சின்னது” என்றார். எனக்குக் கேட்டதோ வெறும் கூவல் மட்டுமே. கால் மணி நேரம் கழிந்திருக்கும். பனைப்பக்கத்திலிருந்து ஒரு கௌதாரி இறகுகளைச் சற்றே விரித்து, கழுத்தை நிமிர்த்தி, சண்டைக்கு வரும் சேவலைப் போல நேரே கூண்டை நோக்கி நடந்து வந்தது. கண்ணியில் கால் சிக்கியது. ஏரிக்கரைப் பறவை கடைசி வரை வரவேயில்லை.

வெயில் ஏறத் தொடங்கியதும் அவர் கூண்டைத் தூக்கிக்கொண்டார். “இனிமே குரல் எட்டாது சாமி” என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்று பிடிபட்ட பறவைகளில் ஒன்றை எங்கள் வீட்டில் விலைக்கு வாங்கிச் சமைத்தார்கள். நானும் சாப்பிட்டேன். சுவையாகத்தான் இருந்தது, அதை ஒளிப்பானேன்?

இன்று அந்த மேட்டில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கௌதாரியின் குரலும் இல்லை. அக்குரலைக் கேட்டுப் பொருள் சொன்ன காதும் இல்லை. வேட்டையைச் சட்டம் தடுத்தது சரியே என்பது என் கருத்து. ஆனால் வேட்டையைத் தூக்கி எறிந்தபோது, வேட்டைக்காரரின் அறிவையும் சேர்த்தே எறிந்துவிட்டோம். அது பெரும் பிழை என்பதும் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

யார் இந்தக் கௌதாரி?

கௌதாரி, கோழியின் இனத்தைச் சேர்ந்த காட்டுப் பறவை. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம். எடை கால் கிலோவுக்குச் சற்று மேல். சாம்பலும் பழுப்பும் கலந்த உடலில் நுண்ணிய வரிகள் நெருக்கமாக ஓடும். காய்ந்த புல்லுக்கிடையே அசையாமல் நின்றால் பத்தடி தூரத்திலும் கண்ணுக்குத் தெரியாது. பறப்பதைவிட ஓடுவதே அதற்கு விருப்பம். விதைகள், கரையான், வண்டுகள் ஆகியன உணவு. தரையில் சிறு பள்ளம் பறித்து அதில் முட்டையிடும். இரவில் முட்புதரிலோ குட்டை மரத்திலோ தங்கும்.

இப்பறவைக்கும் நம் மண்ணுக்கும் பெயரிலேயே உறவு உண்டு. அறிவியலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பின்பகுதி ‘பாண்டிசெரியானஸ்’. அதாவது ‘பாண்டிச்சேரியைச் சேர்ந்தது’ என்று பொருள். 1789ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் குமேலின் இப்பெயரைச் சூட்டினார்.

உலக அளவில் இது அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை அன்று. இந்தியாவின் வறண்ட சமவெளிகளில் இன்னும் பரவலாக உண்டு. ஆனால் ஒரு பறவை நாட்டில் எங்கோ இருப்பது வேறு; நம் ஊரில் இருப்பது வேறு. தாம்பரத்தைச் சுற்றி இன்று முட்புதர்க் காடு எஞ்சியிருப்பது நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர்க் காடு, சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் போன்ற சில இடங்களில் மட்டுமே. நன்மங்கலம் காப்புக்காட்டின் பரப்பு ஏறக்குறைய 320 எக்டேர். சுற்றிலும் வீடுகளும் சாலைகளும் சூழ்ந்துவிட்டதால் அது கடலில் மிதக்கும் சிறு தீவைப் போல ஆகிவிட்டது.

அழைத்துப் பிடிக்கும் கலை

அன்று கௌதாரி ஏன் தானே நடந்து வந்து கண்ணியில் காலை வைத்தது? பசியால் அன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கௌதாரி ஒரு நிலப்பகுதியைத் தனதாக்கிக்கொள்கிறது. ‘இது என் இடம்’ என்பதைக் கூவித்தான் அறிவிக்கிறது. அந்த எல்லைக்குள் வேறோர் ஆணின் குரல் கேட்டால் விரட்டுவதற்கு விரைந்து வரும். பெரியவரின் கூண்டுப் பறவை அந்த அந்நியனாக நடித்தது. இவ்வாறு பிற பறவைகளை ஈர்க்கப் பயன்படும் பறவையைப் ‘பார்வைப் பறவை’ என்பர்.

இதே கலை உலகின் மறுகோடியிலும் உண்டு. வட அமெரிக்கக் காடுகளில் காட்டு வான்கோழி வாழ்கிறது. நம் ஊர்ப் பண்ணைகளில் வளரும் வான்கோழிக்கு அதுவே மூதாதை. இளவேனிற் காலத்தில், மரங்கள் துளிர்விடும்போது, ஆண் வான்கோழி விடியலில் மரக்கிளையில் இருந்தபடியே முழங்கும். பெட்டைகள் அக்குரலைக் கேட்டு அதை நாடிச் செல்வதே இயற்கை. வேட்டைக்காரர் இதைத் தலைகீழாக்குகிறார். இலைநிற உடை உடுத்து, ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டையின் குரலை எழுப்புகிறார். பொறுமையிழந்த ஆண் தானே தேடி வருகிறது.

அக்குரலை எழுப்பும் கருவியைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். மெல்லிய மரத்தாலான நீண்ட பெட்டி; அதன் மேல் ஒரு முனையில் மட்டும் திருகாணியால் பொருத்திய மூடி. மூடியின் அடியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, பெட்டியின் விளிம்பில் உரசினால் அசல் பெட்டைக் குரல் எழும். எப்படி? உரசும்போது மூடி விளிம்போடு ஒரு கணம் ஒட்டுகிறது, விசை மிகுந்ததும் சட்டென வழுக்குகிறது, மீண்டும் ஒட்டுகிறது. இது நொடிக்குப் பல நூறு முறை நிகழும்போது மரம் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டி கீச்சிடுவதும், வயலின் தந்தியை வில் பாட வைப்பதும் இதே ஒட்டு-வழுக்கு உராய்வினால்தான். வயலின் வித்துவான் வில்லுக்குக் குங்கிலியம் தடவுகிறார். வான்கோழி வேட்டைக்காரர் மூடிக்குச் சுண்ணம் தடவுகிறார். இயற்பியல் ஒன்றே.

பறவை ஏமாளியா?

‘குரலை நம்பி வந்து மாட்டிக்கொள்ளும் பறவைக்கு அறிவு கொஞ்சம் குறைவுதான்’ என்று நீங்கள் நினைக்கலாம். நானும் சிறுவயதில் அப்படித்தான் நினைத்தேன். பின்னர் இயற்பியல் படித்தபோது எண்ணம் மாறியது.

ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? நம் இரு காதுகளுக்கும் இடையே சுமார் 20 சென்டிமீட்டர் தூரம். வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி முதலில் வலக்காதையும், பிறகு இடக்காதையும் எட்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால் இந்தக் காலவேறுபாடு நொடியில் பத்தாயிரத்தில் ஆறு பங்குதான். மூளை அதைக் கணித்துத் திசையைச் சொல்லிவிடுகிறது. கௌதாரியின் தலையோ மிகச் சிறியது. காதுகளின் இடைவெளி 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், காலவேறுபாடு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அது புதர்களுக்கிடையே நேர்கோட்டில் நடந்து கூண்டை அடைந்ததை நான் கண்ணால் கண்டேன். பறவைகளின் இரு நடுச்செவிகளையும் மண்டையோட்டுக்குள் ஒரு காற்றறை வழி இணைக்கிறது. ஒரு காதில் புகுந்த ஒலி உள்வழியாக மறு காதின் சவ்வையும் எட்டுகிறது. ஒவ்வொரு சவ்வும் இருபுறத்து அழுத்தங்களின் வேறுபாட்டுக்கு ஏற்ப அதிர்கிறது. சிறு தலை கொண்ட உயிருக்கு இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது!

இனி, பெரியவர் சொன்ன ‘வெயில் ஏறினால் குரல் எட்டாது’ என்பதைப் பார்ப்போம். விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும். அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாக இருக்கும். ஒலி வெப்பக் காற்றில் விரைந்தும், குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்லும். ஆகவே மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்புகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் நிலை மாறுகிறது. ஒலி வானத்தை நோக்கி வளைந்து வீணாகிறது. காற்றும் கிளம்பிவிடும். இந்த விளக்கத்தை நான் முதுகலை வகுப்பில்தான் படித்தேன். பள்ளிக்கூடம் போகாத பெரியவர் அதன் பயனை எனக்கு ஒரே வாக்கியத்தில் முன்பே சொல்லிவிட்டிருந்தார்.

ஆகவே குரலை நம்பி வரும் பறவை ஏமாளி அன்று. தன் குடும்பத்தையும் இடத்தையும் காக்க அதற்குள்ள ஒரே வழி குரல்தான். அதை நம்பாத பறவை இனம் பெருக்க முடியாது. வேட்டைக்காரர் பயன்படுத்திக்கொண்டது பறவையின் அறியாமையை அன்று, அதன் கடமையை.

சட்டம் செய்தது சரியே

இங்கேதான் வேட்டையின் தீமையும் இருக்கிறது. குரலுக்கு முதலில் ஓடி வருவது எது? தனக்கென இடம் பிடித்த, உடல் வலுவுள்ள பறவை. ‘சின்னது வராது’ என்று பெரியவர் சொன்னது நினைவிருக்கிறதா? ஆகவே அழைத்துப் பிடிக்கும் முறை, இனப்பெருக்கக் காலத்தில் இனத்தின் வலிமையான உறுப்பினரைத் தேடித் தேடி எடுத்துவிடுகிறது. ஓரிருவர் தம் வயிற்றுக்குப் பிடித்தவரை காடு தாங்கியிருக்கலாம். நகரம் பெருகி, இறைச்சிக்கு விலை ஏறி, காடும் சுருங்கியபோது தாங்காது.

1972ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அச்சட்டத்திலும் சிறு விலங்குகளைச் சுடவும் பொறி வைத்துப் பிடிக்கவும் உரிமம் வழங்க இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவையும் அடைத்தது. இன்று கௌதாரியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றம். என் வீட்டில் அன்று நடந்த சமையலுக்கும் இன்று இடமில்லை. நல்லதே.

வேட்டையை நிறுத்தச் சொன்ன குரல் நம் பகுதிக்குப் புதிதும் அன்று. தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். அந்த அறிவே பறவைகளைக் காத்தது என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்கர் கற்ற பாடம்

‘ஐயா, அமெரிக்காவில் வான்கோழியை இன்றும் வேட்டையாடுகிறார்களே, அங்கே அது அழியவில்லையே?’ என்று என் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி.

அங்கும் அது அழியும் நிலைக்கு வந்ததுதான். காடுகளை வெட்டியதாலும், வரைமுறையின்றிச் சுட்டதாலும், 1930ஆம் ஆண்டுகளில் பல மாநிலங்களில் வான்கோழியே இல்லாமல் போயிற்று. 1937இல் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டம் வந்தது. முதலில் பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். காட்டில் பிழைக்கத் தெரியாமல் அவை மடிந்தன. பின்னர், சிறு பீரங்கிபோன்ற குழாய்களால் வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்து, பறவையற்ற காடுகளுக்குக் கொண்டு சென்றனர். அம்முயற்சி வென்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிக்கை அறுபது, எழுபது இலட்சத்தை எட்டியது. அதற்குப் பின் சில தென்மாநிலங்களில் குறையத் தொடங்கியதும், பெட்டைகள் முட்டையிடு முன்பே வலுவான ஆண்கள் சுடப்படுவது காரணமாயிருக்குமோ என்ற ஐயத்தில், வேட்டைப் பருவத்தின் தொடக்கத்தைத் தள்ளிவைத்தனர்.

இதைக் கொண்டு நம் நாட்டிலும் வேட்டைக்கு உரிமம் கொடுக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் காடுகள்; இங்கே 320 எக்டேர் தீவு. அந்த அளவுக்கு வேட்டை விளையாட்டு ஆகாது. ஆனால் ஒன்றை நாம் கற்கலாம். அங்கே பறவையை நன்கறிந்தவர்கள் அதன் பாதுகாப்பில் பங்காளிகளாக இருக்கிறார்கள். எத்தனை பறவைகள் கேட்டன, எத்தனை கிடைத்தன என்று அவர்கள் தரும் கணக்கு அரசுக்குப் பயன்படுகிறது. இங்கே பறவையை நன்கறிந்தவரை நாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அந்த இடத்தில் வேறு எவரையும் அமர்த்தவும் இல்லை.

கண்ணி வைக்காத வேட்டை

அதன் விளைவைப் பாருங்கள். சட்டம் கண்ணியைத் தடுத்தது. ஆனால் மாடம்பாக்கத்து மேட்டுக் கௌதாரிகளைக் கண்ணி ஒழிக்கவில்லை. மனைப்பிரிவுகள் வந்தன, மண்ணள்ளும் இயந்திரம் வந்தது, புதர் போயிற்று. தரையில் முட்டையிடும் பறவைக்குப் புதரும் இல்லாமல், தெருநாய்களும் பெருகினால் என்ன ஆகும்? இவை கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. அது இரைச்சல்.

ஒரு கணக்குப் போடுவோம். அமைதியான விடியலில் ஒரு கௌதாரியின் குரல் 400 மீட்டர் வரை மற்றொரு கௌதாரிக்குக் கேட்கிறது எனக் கொள்வோம். 400 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 50 எக்டேர். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகும். டெசிபெல் கணக்கில் இது 6 டெசிபெல் குறைவு. இதையே திருப்பிப் பாருங்கள். பக்கத்துச் சாலையின் இரைச்சல் 6 டெசிபெல் கூடினால், குரல் கேட்கும் தூரம் பாதியாகி 200 மீட்டர் ஆகும். பரப்போ சுமார் 12½ எக்டேராக, அதாவது கால் பங்காகச் சுருங்கிவிடும். ஒரு புதரைக்கூட வெட்டாமலே பறவையின் உலகில் முக்கால் பங்கை நாம் எடுத்துவிட்டோம்! வேளச்சேரி-தாம்பரம் சாலையில் காலை ஆறு மணிக்கே ஓடும் வண்டிகளை நீங்கள் அறிவீர்கள். சாலையின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண் கொண்டதால் பறவைக்குரலை அது முழுவதும் மூடிவிடாது. அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும் இழப்பு இழப்புதான்.

அந்தப் பெரியவர் இன்று அதே இடத்தில் குந்தியிருந்தால், ‘போன வருசம் ஏழு குரல், இந்த வருசம் மூணு’ என்று சொல்லியிருப்பார். நமக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. பறவை போன பிறகே போனதை அறிகிறோம்.

பாம்பைப் பிடித்த கை

வேட்டை அறிவை வீணாக்காமல் காப்பாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே சான்று இருக்கிறது.

பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள் செங்கற்பட்டுப் பகுதி இருளர்கள். சட்டம் வந்து தோல் வாணிகம் நின்றபோது அவர்கள் பிழைப்பு போயிற்று. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. உரிமம் பெற்று நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பிறகு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அந்த நஞ்சே மூலப்பொருள். பாம்பின் தடத்தை மண்ணில் படித்த அதே கண், இன்று உயிர் காக்கிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்கள் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகித் தொல்லை கொடுத்த மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பறவை பிடிப்போருக்கும் முன்மாதிரி உண்டு. 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில், வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பெரும் ஆய்வைத் தொடங்கியது. பறவைக்குச் சிறு காயமும் இன்றிப் பிடிப்பது எப்படி? அதற்கு அவர்கள் நாடியது, பரம்பரையாகப் பறவை பிடிக்கும் பீகாரின் மீர்ஷிகார் மக்களை. நம் கோடியக்கரையிலும் அவர்கள் பணி செய்திருக்கிறார்கள்.

நரிக்குறவர் பெருமக்களுக்கு அப்படியொரு வாய்ப்பை நாம் கொடுக்கவில்லை. கண்ணியைப் பறித்துக்கொண்டு, ஊசிமணி பாசிமணி விற்கச் சொன்னதோடு நம் பொறுப்பு முடிந்தது என்றிருந்துவிட்டோம். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கட்டும், பொறியாளராகட்டும், ஆசிரியராகட்டும். அதே வேளையில், காட்டின் ஒலிகளை அறிந்த முதியவர்கள் எஞ்சியிருக்கும்போதே அவர்களுக்கு ஊதியம் கொடுத்து, பறவைக் கணக்கெடுப்பில் வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். ‘சட்டத்தை மீறியவர்களுக்கு மரியாதையா?’ என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் பிடித்தார்கள், நாம் வாங்கித் தின்றோம். நமக்குக் கிடைத்த மன்னிப்பு அவர்களுக்கும் கிடைக்கட்டுமே!

நீங்கள் செய்யக்கூடியது

கௌதாரியை எண்ண அதைப் பார்க்கவே வேண்டாம், கேட்டால் போதும். இரு மாணவர், இரு திசைகாட்டிகள், ஒரு வரைபடத்தாள் இருந்தால் ஆயிற்று. ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆகவே எல்லைக்கு வெளியே, வண்டி அதிகம் ஓடாத பாதையில் நில்லுங்கள். பொழுது புலரும் வேளையாக இருக்கட்டும்.

கிழக்கு மேற்காக 200 மீட்டர் இடைவெளியில் இருவர் நிற்கிறீர்கள் எனக் கொள்வோம். ஒரு கூவல் கேட்கிறது. மேற்கே நிற்பவருக்கு அது வடக்கிலிருந்து 45 பாகை கிழக்கே; கிழக்கே நிற்பவருக்கு வடக்கிலிருந்து 45 பாகை மேற்கே. வரைபடத்தாளில் இரு கோடுகளையும் இழுங்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளியில் பறவை இருக்கிறது: உங்கள் இருவருக்கும் நடுப்புள்ளியிலிருந்து நேர் வடக்கே 100 மீட்டர். நீங்கள் வகுப்பில் படிக்கும் முக்கோணவியல்தான் இது! நேரத்தையும் நாளையும் மறவாமல் குறியுங்கள். ஒவ்வொரு பங்குனியிலும் அதே இடத்தில், அதே வேளையில் செய்யுங்கள். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தால், உங்கள் ஊரில் எவரிடமும் இல்லாத ஓர் ஆவணம் உங்கள் பள்ளியிடம் இருக்கும். அடுத்த முறை அந்த இடத்தில் சாலையோ கட்டடமோ வரப்போகிறது என்றால், ‘இங்கே ஏழு கௌதாரிகள் இருக்கின்றன’ என்று நீங்கள் எண்ணோடு பேசலாம். வெறும் இரக்கத்தைவிட எண்ணுக்கு வலிமை அதிகம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் கௌதாரியின் குரலைப் பதிவிறக்கி ஒலிக்கவிட்டால் பறவை ஓடி வரும், படம் எடுத்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். செய்யாதீர்கள். இல்லாத எதிரியைத் தேடி அது தன் இடத்தை விட்டு அலையும். அந்த நேரத்தில் குஞ்சுகளைக் கீரி தூக்கிப் போகலாம். வான்கோழியைச் சுட்டுத் தின்னும் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கே பல மாநிலங்களில் பதிவு செய்த குரலைப் பயன்படுத்தத் தடை உண்டு. பறவையை நேசிப்பதாகச் சொல்லும் நாம் அவர்களைவிடக் குறைந்தவர்களாக இருக்கலாமா?

உங்கள் தெருவில் அல்லது உறவில், காட்டையும் ஏரியையும் சுற்றி வளர்ந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். ‘உங்கள் காலத்தில் விடியலில் என்னென்ன குரல் கேட்கும்?’ என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.

அன்று அந்தப் பெரியவரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் பல. ஏரிக்கரையில் கூவியது சிறிய பறவை என்று எதைக்கொண்டு அறிந்தார்? குரலின் சுருதியா, இடைவெளியா, தயக்கமா? இயற்பியல் ஆசிரியனான பின்பும் என்னால் விடை காண முடியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. நீங்களாவது கேட்டுவிடுங்கள். வரும் பங்குனியில் ஒரு நாள், சற்று முன்னதாக எழுந்து, வாய் பேசாமல் காது கொடுத்து நில்லுங்கள். எங்கேனும் ஒரு கௌதாரி கூவினால், அதை உங்கள் குறிப்பேட்டில் முதல் எண்ணாக எழுதுங்கள்.